தன்னை அறிதலும் பிறரை உணர்தலும்

கிரேக்க மொழியில் ‘ஓட்டோஸ்’ என்று ஒரு சொல் உண்டு. ‘தான்’ என்று நாம் தமிழில் வழங்குகிறோமே, அதற்கு நேரான சொல் அது. சுவிற்சர்லாந்து நாட்டு மனநோய் வைத்தியராகிய ஒய்கன் புளொய்லர் என்பார் 1910ஆம் ஆண்டளவில் அச்சொல்லை அடியாகக் கொண்டு ‘ஓட்டிசம்’ என்னும் புதுச்சொல் ஒன்றை ஆக்கினார். கடுமையான மனநோய்க்கு ஆளானோர் சிலர் வெளியுலகை விட்டு விலகித் தம்முள்ளே ஒடுங்கிக் கிடக்கும் நிலையைக் குறிப்பதற்கு அவர் அதனைக் கையாண்டார். முப்பது ஆண்டுகள் கழிந்தபின், அதே சொல் முற்றிலும் வேறான ஓர் இயல்போடு பிறக்கும் குழந்தைகளுக்கு உரிய பெயராயிற்று.

பெயரிலே ஒரு தீர்ப்பும் ஒளிந்திருந்தது. ‘தான்’ என்னும் வட்டத்துக்குள் அடங்கியவர்கள், பிறரை நினையாதவர்கள், பிறர் துயரைக் கண்டும் உருகாதவர்கள் என்னும் எண்ணம் அப்பெயரோடு ஒட்டிக்கொண்டே உலகைச் சுற்றி வந்தது. அந்த எண்ணம் உண்மைதானா என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள். ஓட்டிசம் உடையோர் தம்மைத் தாமே அறிகின்றார்களா? பிறருடைய இன்ப துன்பங்களை உணர்கின்றார்களா? இவ்விரு கேள்விகளுக்கும் தம்முள் என்ன தொடர்பு? இவை ஏட்டுக் கேள்விகள் அல்ல. ஒரு வீட்டிலே வளரும் பிள்ளையைப் பார்த்து, ‘இவனுக்கு நெஞ்சில் ஈரமில்லை’ என்று உறவினர் சொல்வதும், அதைக் கேட்டுக் கேட்டு அப்பிள்ளையே தன்னை ஈரமில்லாதவன் என்று நம்பி வளர்வதும் இக்கேள்விகளுக்கு நாம் கூறும் விடையைப் பொறுத்தவை.

முதலில், ஓட்டிசம் என்பது யாது? அது தொற்றும் நோயன்று. வளர்ப்பினால் வரும் குறையுமன்று. மூளை வளர்ந்து அமையும் முறையிலே குழந்தைப் பருவந்தொட்டுக் காணப்படும் ஒரு வேறுபாடு. பிறரோடு உறவாடுவதிலும் உரையாடுவதிலும் தனிப்போக்கு, ஒன்றையே மீண்டும் மீண்டும் செய்யும் நாட்டம், ஒலி ஒளி முதலியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணரும் புலன்கள் ஆகியன அதன் குறிகள். 2021ஆம் ஆண்டிலே உலகில் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் இவ்வியல்பு உடையவராய் இருந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. நம் நாட்டிலே, நகரத்தை அண்டிய பகுதி ஒன்றில் ஒன்றரை வயது முதல் இரண்டு வயது வரையான குழந்தைகளிடையே நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வொன்று, ஏறத்தாழ 93 குழந்தைகளுக்கு ஒரு குழந்தையிடம் இதனைக் கண்டது. எனவே, நம்முள் எவரும் ‘இது எங்கோ இருப்பவர்களின் கதை’ என்று ஒதுக்கிவிட முடியாது.

குழந்தைகளிடம் காணப்படும் இந்நிலையை உலகறிய எடுத்துரைத்தவர் லியோ கனர் என்னும் வைத்தியர். அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் குழந்தைகளின் மனநலத்தைக் கவனித்து வந்த அவர், 8 ஆண் குழந்தைகளையும் 3 பெண் குழந்தைகளையும் பற்றி 1943இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அக்குழந்தைகளின் பேச்சிலே அவர் ஒரு விந்தையைக் கண்டார். ‘நான்’ என்று சொல்லவேண்டிய இடத்தில் அவர்களுட் சிலர் ‘நீ’ என்று சொன்னார்கள்.

இதனை நம் வீட்டு வழக்கில் வைத்து விளக்குகிறேன். தாய் பிள்ளையைப் பார்த்து, “உனக்குத் தண்ணி வேணுமோ?” என்று கேட்டுத் தண்ணீர் கொடுக்கிறாள். மறுநாள் தாகமெடுத்ததும் பிள்ளை தாயிடம் வந்து, “உனக்குத் தண்ணி வேணுமோ?” என்கிறது. தனக்கு வேண்டும் என்பதே அதன் கருத்து. கேட்ட சொற்றொடரை அது அப்படியே திருப்பிச் சொல்கிறது. ‘கதிரை’ என்னும் சொல்லை எவர் சொன்னாலும் அது கதிரையையே குறிக்கும். ‘நான்’ என்னும் சொல் அத்தகையதன்று. வாய் மாறும்போது அதன் பொருளும் மாறும். நான் சொன்னால் நான், நீங்கள் சொன்னால் நீங்கள். ஒருவர் இருக்கும் இடத்திலே நம்மை வைத்துப் பார்த்தாலன்றி அச்சொல்லைக் கையாள முடியாது. ஆகவே, ‘நான்’ என்னும் சொல்லிலே குழந்தை தடுமாறுவது கண்டு, அதற்குத் ‘தான்’ என்னும் உணர்வே இல்லையென்று சிலர் முடிவு கட்டினார்கள்.

அம்முடிவு பிழையானது. இதைக் காட்ட எளியதொரு பரிசோதனை உண்டு. குழந்தையின் மூக்கிலே, அது அறியாவண்ணம் சிறிது வண்ணத்தைத் தடவிக் கண்ணாடியின் முன்னே நிறுத்துவர். கண்ணாடியிலே தெரிவது வேறொரு குழந்தை என்று அது எண்ணினால் உருவத்தைத் தொடும். தானே என்று அறிந்தால் தன் மூக்கைத் தொடும். 1970இல் சிம்பன்சிக் குரங்குகளிடத்தும், 1972இல் சிறு குழந்தைகளிடத்தும் இம்முறை கையாளப்பட்டது. 1984இல் வெளியான ஆய்வொன்றில், ஓட்டிசம் உடைய 52 குழந்தைகளுள் 36 பேர் கண்ணாடியிலே தம்மை அறிந்துகொண்டனர். ஆனால், ஏனைய குழந்தைகள் கண்ணாடியிற் தம்மைக் கண்டதும் கொள்ளும் நாணமும் கூச்சமும் இவர்களிடத்தே அருகியே காணப்பட்டன.

இது நுணுகி நோக்கத்தக்க செய்தி. ‘தான்’ என்பது ஒன்றுபோலத் தோன்றினும் அதற்குப் பல முகங்கள் உண்டு. என் கை, என் மூக்கு, என் செயல் என்று அறியும் ‘தான்’ ஒன்று. பிறர் கண்களுக்கு நான் எவ்வாறு தோன்றுகிறேன் என்று அறியும் ‘தான்’ மற்றொன்று. நாணம் பிறப்பது இரண்டாவதிலிருந்து. 1998இல் ஓட்டிசம் உடைய இளைஞர் சிலரை, ‘நீங்கள் எப்படிப்பட்டவர்?’ என்று ஆய்வாளர் வினவினர். உடலைப் பற்றியும் தாம் செய்யும் செயல்களைப் பற்றியும் அவர்கள் குறைவின்றிச் சொன்னார்கள். நண்பர், குழு, உறவு என்று பிறரோடு சேர்த்துத் தம்மை வருணித்த கூற்றுகள் குறைவாயிருந்தன. ஆக, தன்னுணர்வு அவர்களிடம் இல்லாமலில்லை. அது வேறு விதமாகப் பகிர்ந்து அமைந்திருக்கிறது.

இனி, பிறரை உணர்தல் என்னும் பகுதிக்கு வருவோம். இங்கே ஒரு துயர வரலாற்றைச் சொல்லாமல் மேலே செல்லுதல் தகாது. பரிவில்லாதவர் என்னும் பழி முதலில் விழுந்தது குழந்தைகளின் மேலன்று. அவர்களைப் பெற்ற தாய்மாரின் மேல். தாயின் நெஞ்சு குளிர்ந்து கிடந்தமையால் குழந்தை தன்னுள் ஒடுங்கிற்று என்று 1950களிலும் 1960களிலும் அறிஞர் பலர் எழுதினர். சிகாகோ நகரத்துப் புறூணோ பெற்றல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் இக்கருத்தை ஊரெங்கும் பரப்பியது. எத்தனையோ தாய்மார் தம் குழந்தையின் நிலைக்குத் தாமே காரணம் என்று நம்பிக் கண்ணீர் வடித்தனர். ஓட்டிசம் உடைய மகன் ஒருவனின் தந்தையும் உளநூலாருமாகிய பேர்ணாட் றிம்லண்ட் 1964இலேயே இதனை மறுத்து எழுதினார். 1977இல் பிரித்தானியாவில் 21 இரட்டைப் பிள்ளைச் சோடிகளை ஆராய்ந்தனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 சோடிகளுள் 4 சோடிகளில் இருவருக்கும் ஓட்டிசம் இருந்தது; வெவ்வேறு கருவிலிருந்து வந்த 10 சோடிகளுள் ஒன்றிலேனும் இருவருக்கும் இல்லை. பிறப்பு வழி அமைப்பே முதன்மையான காரணம் என்பதற்கு இது சான்றாயிற்று. தாய்மார் பழியினின்றும் நீங்கினர்.

ஆனால், சில ஆண்டுகளில் அப்பழி வேறு வடிவத்திற் பிள்ளைகளை வந்தடைந்தது. அதற்கு வழிவகுத்தது ஒரு பொம்மை விளையாட்டு. 1985இல் இலண்டனில் சைமன் பரன் கோஹன், அலன் லெஸ்லி, ஊட்டா பிரித் என்னும் மூவர் அதனை நடத்தினர். சாலி, ஆன் என இரு பொம்மைகள். சாலி தன் கண்ணாடிப் போளையைக் கூடை ஒன்றில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். அவள் இல்லாத வேளையில் ஆன் அதனை எடுத்துப் பெட்டிக்குள் ஒளித்துவிடுகிறாள். சாலி திரும்பி வருகிறாள். ‘போளையைச் சாலி எங்கே தேடுவாள்?’ என்பதே கேள்வி. போளை இருப்பது பெட்டியில். ஆனால், அது சாலிக்குத் தெரியாது. அவள் கூடையிலேதான் தேடுவாள். இதைச் சொல்வதற்குச் சாலியின் மனத்திலுள்ள தவறான எண்ணத்தைக் குழந்தை அறிய வேண்டும்.

நான்கு வயதை அண்டிய ஏனைய குழந்தைகள் 27 பேருள் 23 பேர் சரியாக விடை கூறினர். டவுண் நோய்க்குறி உடைய குழந்தைகள் 14 பேருள் 12 பேர் சரியாகச் சொன்னார்கள். ஓட்டிசம் உடையோர் 20 பேருள் நால்வரே சரியாகச் சொன்னார்கள். அவர்களோ வயதிலும் மொழியறிவிலும் மற்ற இரு குழுவினருக்குக் குறைந்தவர்களல்லர். உலக ஆய்வாளரின் கவனத்தை இம்முடிவு ஈர்த்தது. ‘பிறர் மனத்தைக் காணாத குருடு’ என்னும் கருத்து எழுந்தது.

பரிசோதனை நேர்மையானது, அதனின்று உலகம் செய்துகொண்ட முடிவிலேதான் வழுக்கல் நேர்ந்தது. ‘சாலி எதை நினைக்கிறாள் என்று இப்பிள்ளைக்குத் தெரியவில்லை’ என்பது ஒன்று. ‘சாலி அழுதால் இப்பிள்ளைக்கு அக்கறையில்லை’ என்பது முற்றிலும் வேறொன்று. அறியாமை எவ்வாறு அன்பின்மை ஆகும்? ஆயினும், வகுப்பறையிலும் வைத்தியசாலையிலும் வீட்டிலும் முதலாவதைச் சொல்லத் தொடங்கியவர்கள் இரண்டாவதைச் சொல்லி முடித்தார்கள்.

மேலும், நால்வர் சரியாகச் சொன்னார்களே, அவர்களையும் நாம் மறத்தலாகாது. வயதும் மொழியறிவும் வளர வளரப் பலர் இச்சோதனையில் வெற்றி பெறுகின்றனர் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. எனினும், 2009இல் வெளியான ஆய்வொன்று ஒரு நுட்பத்தை வெளிப்படுத்தியது. இவ்வகைக் கேள்விகளுக்கு வாயாற் சரியான விடை கூறும் வளர்ந்தோரும், கதை நிகழும்போது கண்ணால் முந்திப் பார்ப்பதில்லை. ஏனையோரின் கண் ‘சாலி இங்கேதான் தேடுவாள்’ என்று எண்ணாமலே கூடையை நோக்கித் தாவுகிறது. இவர்களுடைய கண் தாவுவதில்லை. தாய்மொழியைப் பேசுவோர் இலக்கணம் எண்ணாமற் பேசுகின்றனர். வளர்ந்தபின் ஒரு மொழியைக் கற்றவர் எண்ணி எண்ணிப் பேசுகிறார். பேசுவது ஒரே மொழிதான். உழைப்பு மாத்திரம் இரு மடங்கு. பிறர் மனத்தை அறிதல் ஓட்டிசம் உடையோர் பலருக்கு அத்தகைய உழைப்பாகவே இருக்கிறது.

நேயர்களே, ‘பரிவு’ என்று நாம் ஒரே சொல்லாற் குறிப்பது உண்மையில் ஒரே பொருளன்று. பிறர் என்ன எண்ணுகிறார், எதனால் வருந்துகிறார் என்று அறிதல் ஒரு கூறு. அவ்வருத்தம் நம் நெஞ்சையும் தாக்குதல் இரண்டாவது கூறு. அதன்பின் தக்கவாறு உதவுதல் மூன்றாவது கூறு. இவை ஒன்றைவிட்டு ஒன்று பிரியக் கூடியவை. தொட்டிலிற் கிடக்கும் குழந்தை பக்கத்துக் குழந்தை அழக் கேட்டுத் தானும் அழுகிறது. அழுகைக்குக் காரணம் அதற்குத் தெரியாது. அங்கே உணர்தல் உண்டு, அறிதல் இல்லை. தேர்ந்த வஞ்சகனோ எதிரிலிருப்பவரின் மனத்தை ஏடு படிப்பதுபோலப் படிக்கிறான். படிக்க வல்லவனாதலினாலேயே ஏமாற்றுகிறான். அங்கே அறிதல் உண்டு, உணர்தல் இல்லை.

இவ்வேறுபாட்டை 2010இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று தெளிவாக்கியது. ஓட்டிசம் உடைய சிறுவரையும், பிறருக்குத் தீங்கு செய்தும் இரங்காத இயல்புடைய சிறுவரையும் அவ்வாய்வு ஒப்பிட்டது. இரக்கமற்ற சிறுவர் பிறர் மனத்தை அறிவதில் இடர்ப்படவில்லை. ஆனால், பிறர் துன்பம் அவர்களைத் தாக்கவில்லை. ஓட்டிசம் உடைய சிறுவரிடம் கண்டது இதற்கு நேர்மாறு. பிறர் மனத்தை அறிவதில் இடர்ப்பட்டனர். பிறர் துன்பத்தைப் பொருட்படுத்துவதிலோ ஏனைய சிறுவருக்கு அவர்கள் குறைந்தவர்களல்லர். ‘கல்நெஞ்சன்’ என்று இவர்களை அழைப்பது எத்தகைய அநீதி என்பதற்கு இதற்கு மேலும் சான்று வேண்டுமோ?

அப்படியாயின், ஓட்டிசம் உடையோர் சிலர் பிறர் துயரின் முன்னே மரம்போல நிற்கக் காண்கிறோமே, அது எதனால்? இங்கேதான் தன்னை அறிதலும் பிறரை உணர்தலும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. 1970களில் பீற்றர் சிவ்னியோஸ் என்னும் வைத்தியர் ஒரு மனவியல்பைச் சுட்டிப் பெயரிட்டார். ‘உணர்வுக்குச் சொல் இல்லாமை’ என்பது அக்கிரேக்கப் பெயரின் பொருள். நெஞ்சு படபடக்கிறது, வயிறு பிசைகிறது, தொண்டை அடைக்கிறது. ஆனால், இது கோபமா, அச்சமா, துக்கமா, பசியா என்று உரியவருக்கே புலப்படுவதில்லை. உணர்வு உண்டு, அதன் பெயர் தெரியவில்லை. இவ்வியல்பு எவரிடத்தும் இருக்கலாம். 2019இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஏனையோருள் ஏறத்தாழ நூற்றுக்கு 5 பேரிடம் அது காணப்பட்டது. ஓட்டிசம் உடையோருள் ஏறத்தாழ நூற்றுக்கு 50 பேரிடம் காணப்பட்டது.

நூற்றுக்கு ஐம்பது என்றால், மற்றைய ஐம்பது பேரிடம் அது இல்லை என்பதும் அதனுள் அடங்கும். இதனைக் கருத்திற்கொண்டு ஜெப் பேர்ட் என்பாரும் அவர்தம் துணைவரும் 2010இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். தமக்கு நெருங்கிய ஒருவர் கையிலே நோவு பெறுவதை அறியும்போது ஒருவரின் மூளையில் நோவுணர்ச்சியோடு தொடர்புடைய பகுதி எவ்வளவு கிளர்கிறது என்று அளந்தனர். கிளர்ச்சி குறைந்தது ஓட்டிசத்தினால் அன்று. தன் உணர்வைத் தானே அறியமாட்டாத இயல்பினாலேதான். அவ்வியல்பு மிகுந்தவர்களிடம், ஓட்டிசம் உண்டாயினும் இல்லையாயினும், கிளர்ச்சி குறைந்திருந்தது. அவ்வியல்பு இல்லாதவர்களிடம், ஓட்டிசம் இருந்தும், கிளர்ச்சி குறையவில்லை. தன் நெஞ்சின் மொழியைத் தெரியாதவருக்குப் பிறர் நெஞ்சின் மொழி விளங்குவது அரிது. பிறரிடம் செல்லும் பாதை தன்னுள்ளேதான் தொடங்குகிறது.

ஒரு மரண வீட்டைக் கற்பனையிற் காணுங்கள். அம்மம்மா இறந்துவிட்டார். முற்றத்திலே பறை முழங்குகிறது. பெண்கள் ஒப்பாரி சொல்லி அழுகிறார்கள். சாம்பிராணிப் புகை வீடெங்கும் சூழ்ந்திருக்கிறது. பதினைந்து வயதுப் பேரன் காதைப் பொத்திக்கொண்டு வளவின் கோடியிற் போய் நின்று, அடுக்கியிருக்கும் கதிரைகளைத் திரும்பத் திரும்ப எண்ணுகிறான். ‘வளர்த்த கிழவிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டானோ, பார்!’ என்று உறவினர் முணுமுணுக்கிறார்கள். அன்றிரவு அவன் சாப்பிடவில்லை. வயிறு நோகிறது என்கிறான். ஒரு மாதம் கழித்து, அம்மம்மா இருந்த சாய்மனைக் கதிரையை எவரோ இடம் மாற்றிவிட, அவன் வாய்விட்டுக் கதறுகிறான். துக்கம் அவனிடம் இல்லாமற் போகவில்லை. அது ஊர் எதிர்பார்த்த நேரத்திலும் ஊர் எதிர்பார்த்த கோலத்திலும் வரவில்லை, அவ்வளவே.

ஓட்டிசம் உடையவரே தம் உள்ளத்தை எழுதிக் காட்டியமையும் நம் அறிவைத் திருத்தியது. அமெரிக்கரான டெம்பிள் கிராண்டின் 1947இற் பிறந்தவர். குழந்தைப் பருவத்திற் பேச்சு வரத் தாமதித்த அவர், பின்னர் கால்நடை இயலில் பேராசிரியரானார். மாடுகள் செல்லும் ஒடுங்கிய பாதைகளில் அவர் தாமே இறங்கி, மாட்டின் கண் உயரத்திற் குனிந்து பார்த்தார். தொங்கும் சங்கிலி ஒன்று, நிலத்தில் விழும் நிழல் ஒன்று, இவையே மாடுகளை மிரளச் செய்கின்றன என்று கண்டு அவற்றை நீக்கச் செய்தார். மனிதரின் சபையிலே குறிப்பறிதல் தமக்குக் கடினம் என்று ஒளியாது சொல்லும் அவர், மிரளும் விலங்கின் அச்சத்தைத் தம் அச்சத்தைக்கொண்டு அறிந்தார். தன்னை அறிந்ததனால் இன்னோர் உயிரை உணர்ந்தமைக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

இதுகாறும் குறை எங்கே என்று ஒரு பக்கத்தையே நோக்கினோம். ஒரு கை தட்டி ஓசை எழாது. ஓட்டிசம் உடையவரும் சமூகவியலாளருமாகிய டேமியன் மில்டன் 2012இல் ஒரு கேள்வியை எழுப்பினார். அவர்களுக்கு எங்கள் மனம் விளங்கவில்லை என்கிறோம். எங்களுக்கு அவர்கள் மனம் விளங்குகிறதா? விளங்காமை இருபுறத்தும் இருக்கும்போது ஒருவரை மாத்திரம் குறைபாடு உடையவர் என்பது முறையாகுமா? இதனை அவர் இரட்டைப் பரிவுச் சிக்கல் என்றார்.

இக்கேள்வி வெறும் வாதமாக நின்றுவிடவில்லை. 2016இல் ஓர் ஆய்வில், இரண்டு முக்கோண வடிவங்களை நகர்த்தி, ஒன்று மற்றொன்றைக் கேலி செய்வதுபோலவும் நயந்து இணக்குவதுபோலவும் அசைவுகளை ஆக்கும்படி பலரைக் கேட்டனர். ஓட்டிசம் இல்லாதோர், தம்மைப் போன்றவர் ஆக்கிய அசைவுகளின் கருத்தை நன்கு கண்டுகொண்டனர். ஓட்டிசம் உடையோர் ஆக்கியவற்றின் கருத்தை அவ்வளவாகக் காணமாட்டாது தடுமாறினர். 2017இல் வெளியான ஆய்வொன்று இதனினும் துயரமான உண்மையைச் சொன்னது. ஓட்டிசம் உடையோர் பேசுவதைச் சில விநாடிகள் கண்டும் கேட்டும், இவரோடு பழக விருப்பமில்லை என்று ஏனையோர் முடிவு செய்தனர். பேசிய சொற்களை மாத்திரம் எழுதிக் காட்டியபோது அவ்வெறுப்பு மறைந்துவிட்டது. சொல்லிலே குற்றமில்லை, குரலும் முகமும் பழக்கமற்றவை என்பதே குற்றம்.

2020இல், கதையொன்றை ஒருவர் காதிலிருந்து மற்றொருவர் காதுக்கு எண்மர் வரிசையாகக் கடத்தும் பரிசோதனை வெளியாயிற்று. ஓட்டிசம் உடையோர் தமக்குள்ளே கடத்தியபோது கதை நன்கு நின்றது. இருவகையினரும் கலந்த வரிசையிலேதான் கூடுதலாகச் சிதைந்தது. ஆனால், முந்நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொண்டு 2025இல் மீண்டும் செய்தபோது, கலந்த வரிசை கதையைக் கடத்துவதிற் பின்னடையவில்லை. விஞ்ஞானம் இவ்வாறுதான் தன்னைத் தானே சரிபார்த்துச் செல்லும். எனினும், இரண்டு ஆய்வுகளிலும் ஒன்று நிலைத்து நிற்கிறது: ஓட்டிசம் உடையோரின் வரிசை ஏனையோரின் வரிசைக்குத் தாழ்ந்துபோகவில்லை.

கனர் ஆராய்ந்த 11 குழந்தைகளுள் முதலாமவர் டொனால்ட் திரிப்லெட். 1933இல் மிசிசிப்பி மாநிலத்தின் பொறெஸ்ற் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். சிறு வயதிலே அவரை விடுதி ஒன்றில் விட்டுவிடுமாறு வைத்தியர்கள் சொன்னார்கள். விட்ட பெற்றோர் மனம் பொறாது மீண்டும் அழைத்து வந்தனர். பின்னர் கமத்தொழில் செய்யும் தம்பதியர் இருவருடன் சில ஆண்டுகள் வளர்ந்தார். எதையும் எண்ணிக்கொண்டே இருக்கும் பிள்ளை அவர். அத்தம்பதியர் அதனைத் தடுக்கவில்லை. சோள வரிசைகளை எண்ணும்படி விட்டார்கள். எண்ணிக்கொண்டே அவர் வயலை உழுதார். பின்னாளிற் பட்டம் பெற்றார், ஊர் வங்கியிற் பணி செய்தார், கார் ஓட்டினார், பல நாடுகளுக்குத் தனியே சென்று வந்தார். தமக்குப் பிடித்தவர்மேல் இறப்பர் வளையத்தைச் சுண்டி எறிவது அவர் அன்பைக் காட்டும் முறை. ஊரார் அதை அன்பென்றே அறிந்திருந்தனர். 2023இல், தம் 89ஆம் வயதில் அவர் காலமானார். அவருடைய நல்வாழ்வுக்குக் குடும்பத்தின் செல்வமும் ஒரு காரணமே. ஆனால், ஊர் அவருடைய மொழியைக் கற்றுக்கொண்டது என்பதும் அதற்குக் குறையாத காரணம்.

எல்லோரும் டொனால்டைப் போலவோ டெம்பிள் கிராண்டினைப் போலவோ ஆகிவிடுவர் என்று நான் சொல்ல வரவில்லை. வாழ்நாள் முழுதும் பேச்சின்றி, இரவும் பகலும் பிறர் துணையை நாடி வாழ்வோரும் இவர்களுள் உளர். அவர்களைப் பேணும் பெற்றோரின் சுமையை அழகிய சொற்களால் மறைத்தல் பாவம். ஓட்டிசம் உடையோர் யாவரும் பரிவின் வடிவம் என்பதும் மிகையே. நல்லவரும் அல்லாதவரும் எல்லாக் கூட்டத்திலும் உளர். நான் சொல்வது ஒன்றே. புறத்தே தோன்றும் முகத்தையும் குரலையும் கொண்டு அகத்தே அன்பு இல்லை என்று தீர்ப்புக் கூறாதீர்கள்.

செய்யத்தக்கவை அரியனவல்ல. பிள்ளைக்கு உணர்வின் பெயர்களைக் கற்பியுங்கள்: ‘இப்போது உனக்கு நெஞ்சு படபடக்கிறது, இதற்குப் பெயர் பயம்’ என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள். உங்கள் மனத்திலுள்ளதைக் குறிப்பாற் காட்டி அவன் அறியவில்லையென்று நோகாதீர்கள். ‘அம்மாவுக்குத் தலையிடிக்கிறது, சிறிது நேரம் சத்தம் போடாதே’ என்று வாயாற் சொல்லுங்கள். கண்ணைப் பார்த்துப் பேசும்படி வற்புறுத்தாதீர்கள். கண்ணைப் பாராமலே காது கேட்கும். திருவிழாவிலும் மரண வீட்டிலும் ஓசைக்கு எட்டாத ஒரு மூலையை அவனுக்கு ஒதுக்கிக் கொடுங்கள். ஆசிரியர்களே, நண்பன் அழும்போது சிரித்த மாணவனைத் தண்டிக்குமுன், அவனுக்கு என்ன தோன்றிற்று என்று கேட்டுப் பாருங்கள். விடை வரும்வரை பொறுத்திருங்கள்.

பிறர் மனத்தைத் தன் மனம்போல் அறிய முயல்வதே பரிவு என்றால், அது அவர்களிடம் மட்டும் நாம் கேட்டு வாங்கும் கடன் அன்று. நாமும் அவர்களுக்குச் செலுத்த வேண்டிய கடன். ‘தான்’ என்னும் சொல்லால் அவர்களுக்குப் பெயரிட்டோம். ‘தானே’ சரியென்று இருப்பவர் யார் என்பதை இனி நாமும் சற்று எண்ணிப் பார்ப்போமாக.